துருவும் வெள்ளைக்கருவும்

டிசம்பர் 27, புதன்

பள்ளி இன்னும் திறக்கவில்லை. வகுப்பறைகளில் வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். நான் பாடம் எடுக்கிற வேதியியல் ஆய்வகத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. அதை அள்ளும் வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் தலைமையாசிரியர். என்னைவிட நான்கு வருடம் இளையவர், தாவரவியல்காரர். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்று அங்கே பியூனுக்குக்கூடத் தெரியும். அவரே அள்ளட்டும்.

காலையில் என் மனைவி புஷ்பலீலா ஒரு இரும்புத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டடி நீளம், ஓரம் மடித்தது, முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. இது போகுமா என்று கேட்டாள். போகும் என்றேன். தின்பண்டம் வைக்கிற தட்டு, கடையில் விற்கிற துரு நீக்கியைத் தொடக்கூடாது, சாப்பிடுகிற பொருளைக் கொண்டுதான் எடுக்க வேண்டும் என்றாள். அதற்கும் வழி இருக்கிறது என்றேன்.

தட்டு யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தூத்துக்குடியில் இப்படிப்பட்ட தட்டு எந்த வீட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

டிசம்பர் 28, வியாழன்

ஐந்து டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் துருப்பிடித்த ஒரு ஆணி, எல்லாம் எங்கள் வெளிக்கதவிலிருந்து பிடுங்கியவை. ஒன்றில் வினிகர். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் உப்பு. ஒன்றில் புளிக்கரைசல். ஒன்றில் மூன்று நாள் புளித்த மோர். கடைசியில், எதிர்வீட்டுக்காரர் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்து, யாரும் குடிக்காமல் காற்றுப்போன கோலா.

புஷ்பலீலா கோலா டம்ளரைப் பார்த்துச் சிரித்தாள். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, மற்ற நான்கைவிட அது ஒன்றும் கேவலமில்லை என்று விளக்கினேன். பாதியிலேயே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

டிசம்பர் 29, வெள்ளி

முடிவுகள்:

வினிகர் வேகமானது. ஆனால் அதிக நேரம் விட்டால் இரும்பையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. கோலா துருவை நன்றாகவே எடுத்தது, ஆனால் மேலே கறுப்புப் படலம், கையெல்லாம் பிசுபிசுப்பு. புளி நிதானம். மோர் அதைவிட நிதானம், வாசனையும் சகிக்கவில்லை. எலுமிச்சைதான் சரி. நான்கு மணி நேரத்தில் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு தட்டுக்குப் பழம் பிழியலாம், நிறைய இருந்தால் மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டு வாங்கிச் சுடுதண்ணீரில் கரைத்தால் போதும். பழத்தில் இருப்பதும் அதே சிட்ரிக் அமிலம்தான்.

அந்த ஒரு தட்டை முடித்துக் கொடுத்தேன். முகம் பார்க்கலாம். புஷ்பலீலா அதை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போனாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 30, சனி

எதிர்பார்த்தேன். மாலையில் இன்னும் மூன்று தட்டுகள் வந்தன.

ஜனவரி 1, திங்கள்

இன்று லிங்கராஜே வந்துவிட்டார். என் தங்கை சந்திரகனியின் கணவர். ஆட்டோவில் நாற்பத்துநான்கு தட்டுகள், முட்டை அடிக்கிற மிஷினின் கம்பிக் கூண்டு, இரண்டு பெரிய சட்டி. வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வராமல் நின்றார். வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. புஷ்பலீலாதான் அழைத்து உட்கார வைத்தாள்.

சந்திரகனி வீட்டிலேயே மக்ரூன் போடுகிறாள். நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும், வேறு எதுவும் கிடையாது. பெரிய கடை ஒன்று பதினொரு வருடமாக அவளிடம்தான் எடுக்கிறது. வெள்ளம் அவள் வீட்டில் நான்கு நாள் நின்றது. உப்புத்தண்ணீர் வேறு. லிங்கராஜ் சொன்னது:

"கடைக்காரரு பதிமூணாந்தேதி சனிக்கிழம வாராரு, மச்சான். அன்னைக்கு ஒரு சூளை மக்ரூன் போட்டுக் காட்டணுமாம். பழைய மாதிரி இருந்தா நம்மட்டயே எடுப்பேங்காரு. இல்லன்னா வேற ஆளுட்ட பேசி வச்சிருக்காராம். அவா ராத்திரி ஒறங்குததே இல்ல."

புதுத்தட்டு வாங்கக்கூடாதா என்றேன். அந்த அளவு மடித்துத் தருகிற பட்டறையும் தண்ணீரில் கிடக்கிறதாம்.

பன்னிரண்டு நாள். தாராளம் என்றேன். என்னைப்போல் எம்.எஸ்ஸி., எம்.ஃபில். படித்த ஒருவனுக்கு இது ஒரு வேலையே இல்லை. அதையும் சொன்னேன். லிங்கராஜ் தரையைப் பார்த்தார்.

பார்க்கத்தான் செய்வார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன், அதாவது நான். அழைப்பிதழில் என் பெயர் 'வே. தவசிக்கனி' என்று மொட்டையாக இருந்தது. அதற்கு நேர் கீழே லிங்கராஜின் அண்ணன் பெயர் 'ஆனந்தவேல், டி.எம்.இ.' என்று இருந்தது. டிப்ளமோவுக்குப் பட்டம் போட இடம் இருந்திருக்கிறது. நான் அந்தக் காதுகுத்துக்குப் போகவில்லை. ஆனந்தவேல் மடியில் வைத்துக் குத்தினார்கள். அன்றிலிருந்து சந்திரகனியும் நானும் பேசுவதில்லை.

லிங்கராஜ் போனபிறகு புஷ்பலீலா, "ரெண்டு எழுத்துக்காக ஒம்பது வருசம்" என்றாள்.

இரண்டு எழுத்து அல்ல, இரண்டு பட்டம் என்று திருத்தினேன்.

ஜனவரி 3, புதன்

பள்ளி திறந்தது. ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, சார், நீங்கள்தான் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்றார். முதுகுவலி என்றேன்.

வீட்டுக்கு வந்து, குளிக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் எட்டு எட்டாகத் தட்டுகளை ஊறப்போட்டேன். தேங்காய் நாரால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி அமிலத்தை முறித்து, துடைத்து, வெயிலில் வைத்தேன். முதுகு வலிக்கவில்லை.

ஜனவரி 4, வியாழன்

சந்திரகனியிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு. லிங்கராஜ் கொண்டுவந்தார். 'கூண்டுக் கம்பி நைசானது. அதிகம் ஊறினால் அறுந்துவிடுமா?'

நல்ல கேள்வி. அதன் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினேன்: 'கூண்டை நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். கவலை வேண்டாம். வே. தவசிக்கனி, எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.'

ஜனவரி 5, வெள்ளி

பதில் சீட்டு: 'சரி.'

அவள் கையெழுத்து மாறவேயில்லை. 'ரி'யின் சுழியை இன்றும் அப்படியே மேலே இழுக்கிறாள். எட்டாம் வகுப்பில் அதற்காக நான் குட்டியிருக்கிறேன்.

ஜனவரி 7, ஞாயிறு

முடிந்தது. நாற்பத்தெட்டுத் தட்டு, இரண்டு சட்டி, கூண்டு. கூண்டுக்குத்தான் அதிக நேரம் ஆனது. கம்பிக்குக் கம்பி பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அமிலத்தில் குளித்து வந்த இரும்பு சும்மா இருக்காது. ஒரு மணி நேரம் ஈரக்காற்றில் விட்டால் மறுபடி மஞ்சள் பூக்கும், அதுவும் இந்த ஊர்க் காற்றில். ஆகவே எல்லாவற்றுக்கும் மெலிதாகத் தேங்காயெண்ணெய் தடவினேன். கூண்டின் கம்பிகள் சேருகிற கழுத்தில் விரல் போகவில்லை, அங்கே எண்ணெயை ஊற்றியே விட்டேன்.

புஷ்பலீலா ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள். இருபத்தாறு வருட மண வாழ்க்கையில் என் வேலையை அவள் புகழ்ந்தது இது இரண்டாவது முறை. முதலாவது எது என்று நினைவில்லை.

ஜனவரி 8, திங்கள்

ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். ஐந்து நாள் மீதம் இருக்கிறது. சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடித்துக் கொடுத்திருக்கிறேன் என்பதைக் குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 9, செவ்வாய்

நன்றி என்று ஒரு சீட்டு வரும் என்று நினைத்தேன். லிங்கராஜ் வந்தார், முகம் வெளுத்திருந்தது.

"வெள்ளைக்கரு ஏற மாட்டேங்கு, மச்சான். நேத்து சாயங்காலம் ஒரு தடவ, இன்னைக்கு ரெண்டு தடவ. மிஷினு ஓடுது, ஓடுது, பாலு மாதிரியே கெடக்கு. அவா சொல்லுதா, அண்ணன் போட்ட ஆசிட்டு எதும் கம்பில ஒட்டியிருக்குமோன்னு."

எனக்குக் கோபம் வந்தது. சோடா உப்பில் முறித்திருக்கிறேன். அமிலம் ஒட்டியிருக்க வாய்ப்பே இல்லை. முட்டை பழசாக இருக்கும், வெள்ளத்தில் எல்லா முட்டையும் கெட்டுப்போய்க் கிடக்கிறது, போய்க் கடைக்காரனைக் கேளுங்கள் என்றேன். சத்தமாகச் சொன்னேன் என்று புஷ்பலீலா பிறகு சொன்னாள்.

வெள்ளைக்கரு ஏறாவிட்டால் மக்ரூன் இல்லை. அது தட்டையாக அப்பளம்போல் கிடக்கும். சனிக்கிழமைக்கு நான்கு நாள்.

ஜனவரி 10, புதன்

மதியம் அரைநாள் விடுப்பு. தலைமையாசிரியர் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அமிலம்தான் காரணம் என்ற அவள் குற்றச்சாட்டைப் பொய்யென்று நிரூபிக்க வேண்டியிருந்தது. நான்கு முட்டை, நான்கு கிண்ணம், ஒரு ஃபோர்க். முதல் கிண்ணத்தில் வெறும் வெள்ளைக்கரு: அடித்தேன், ஏறியது. இரண்டாவதில் நான்கு சொட்டு எலுமிச்சை: இன்னும் நன்றாக ஏறியது, கெட்டியாக நின்றது. ஆகவே அமிலம் எதிரியல்ல, நண்பன். இதை எழுதியனுப்பலாம் என்று சீட்டை எடுத்தேன்.

மூன்றாவதில் சோடா உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு: கொஞ்சம் தளர்ச்சி, ஆனாலும் ஏறியது.

நான்காவது கிண்ணத்தை ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை. கையில் கிண்ணம் மீதம் இருந்தது, அவ்வளவுதான். அதில் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.

இருபத்தைந்து நிமிடம் அடித்தேன். முழங்கை விண்ணென்று வலித்தது. பால்போலவே கிடந்தது.

புஷ்பலீலா அடுப்பங்கரை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "எண்ண பட்டா முட்ட ஏறாதுன்னு சந்திரகனி வீட்டு வேலைக்காரப் பொண்ணு வரைக்கும் தெரியும்ங்க. நீங்க எண்ண போட்டீங்கன்னுதான் அவளுக்குத் தெரியாது" என்றாள்.

உனக்குத் தெரியுமா என்றேன். நான் தட்டுக்கு மட்டும்தான் தடவினேன் என்று நினைத்தாளாம். கூண்டுக்கும் போடுவேன் என்று நினைக்கவில்லையாம்.

வேதியியல் தவறவில்லை. தவறியது நான். இதை எழுதும்போது பேனா தயங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஜனவரி 11, வியாழன்

காலையில் மூன்று சீட்டுகள் எழுதினேன். முதலாவதில் 'எண்ணெய் இருப்பதைத் தெரிவிக்காதது' என்று எழுதி, யார் தெரிவிக்கவில்லை என்பதை விட்டுவிட்டேன். கிழித்தேன். இரண்டாவது ஒரு பக்கம் நீண்டது. மூன்றாவதில் பெயருக்குப் பின்னால் பட்டத்தை எழுதப் போன கை நின்றுவிட்டது. அதையும் கிழித்தேன்.

பள்ளி விட்டதும் ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் வீடு நான்கே தெரு தள்ளி.

ஒன்று எழுதிவிடுகிறேன். காதுகுத்துக்குப் போகவில்லை என்று எழுதியது முழு உண்மையல்ல. மண்டப வாசல் வரை போனேன். புதுவேட்டி கட்டியிருந்தேன். தாய்மாமன் சீர் எல்லாம் ஒரு பையில், ஸ்கூட்டரின் கொக்கியில். சந்திரகனி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் பெரிய பேனர், அதிலும் டி.எம்.இ. நான் எதிர்ப்பக்கம் லாரிக்குப் பின்னால் நின்றேன். முகூர்த்தம் தாண்டியும் அவள் உள்ளே போகவில்லை. யாரோ வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். சீரைப் புஷ்பலீலா கையில் கொடுத்து அனுப்பினேன்.

இன்று வாசலில் யாரும் நிற்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போனேன்.

சந்திரகனி அடுப்புக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தாள். எதிரே கூண்டு. காலையில் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தாளாம், எதற்கும் இருக்கட்டும் என்று. ஈரத்தோடு விட்டிருக்கிறாள். கம்பி முழுக்க மறுபடி மஞ்சள் பூத்திருந்தது. கழுத்தில் மட்டும் பூக்கவில்லை. அங்கே என் எண்ணெய் இன்னும் இருந்தது.

அவளுக்கு முடி இவ்வளவு நரைத்திருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நேராகப் பேச வாய் வரவில்லை. லிங்கராஜைப் பார்த்துச் சொன்னேன். கூண்டில் எண்ணெய் தடவியது நான், கழுத்தில் நிறைய ஊற்றியிருக்கிறேன், சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தப்பு என் மேல், முட்டை மேல் அல்ல.

சந்திரகனியும் லிங்கராஜைப் பார்த்தே சொன்னாள்: "நான் சட்டிய எலுமிச்சந்தோல வச்சுத் தொடச்சிட்டுத்தான் அடிப்பேன்னு சொல்லுங்க. எண்ண இருந்தா அதுல போயிரும். கம்பிக்குள்ள இருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்."

லிங்கராஜ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசுதது எனக்கே நல்லா கேக்கு. நான் எதுக்கு நடுவுல?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: நாளை காலை கூண்டைக் கழற்ற வேண்டும், ஸ்குரூ டிரைவர் நான் கொண்டுவருகிறேன்.

ஜனவரி 12, வெள்ளி

விடுப்பு. காரணம் என்ற இடத்தில் 'குடும்ப வேலை' என்று எழுதினேன். பல வருடங்களில் அந்தச் சொல்லை எழுதியது இதுதான் முதல்முறை.

கூண்டைக் கழற்றினேன். கொதிக்கிற தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு இருமுறை. எண்ணெய் கண்ணாடிபோல மேலே மிதந்து வந்தது. பிறகு லெமன் சால்ட் கரைசலில் அரை மணி நேரம். மஞ்சள் போனது. இனி உள்ள சிக்கல் உலர்த்துவதுதான். எண்ணெய் போடக்கூடாது, ஈரமும் நிற்கக்கூடாது. வெயிலில் வைத்தால் காய்வதற்குள் துரு வந்துவிடும் என்று சுவரிடம் சொன்னேன்.

சந்திரகனி, சுவரிடம்தான், சொன்னாள்: சூளை அணைந்து சூடு மட்டும் இருக்கிறது, அதில் வைத்தால் நூறு எண்ணுவதற்குள் காய்ந்துவிடும்.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை. சூளையில் வைத்தோம். ஐந்து நிமிடம். துளி மஞ்சள் இல்லை. காய்ந்ததும் சுத்தமான துணியில் சுற்றி டப்பாவில் அடைத்தாள். தட்டுகளையும் அப்படியே செய்தோம். அவள் ஊற்ற, நான் தேய்க்க, வேலைக்கார அம்மா ஒருவர் சூளைக்குள் தள்ள. நாற்பத்தெட்டையும் முடிக்க மாலை ஆகிவிட்டது.

மதியம் சாப்பாடு போட்டாள். ரசம் வைத்துக்கொண்டு என் தட்டைப் பார்த்து நின்றாள். போதும் என்று கையால் காட்டினேன். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

ஜனவரி 13, சனி

கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஒன்றை வாயில் போட்டார், இன்னொன்றை உடைத்து உள்ளே பார்த்தார், பிறகு பொங்கல் சரக்கு எப்போது வரும் என்று கேட்டார். லிங்கராஜ் பதில் சொல்லத் திணறியதால் வேலைக்காரப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்.

காலையில் நடந்ததை எழுதவேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஏழு மணிக்கே புஷ்பலீலாவும் நானும் போய்விட்டோம். சந்திரகனி எலுமிச்சம்பழத்தை வெட்டிச் சட்டியின் உட்பக்கம் முழுக்கத் தேய்த்தாள். பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். நான் கூண்டின் கம்பிகளைத் தேய்த்தேன், கழுத்து வரை. வெள்ளைக்கரு ஊற்றினாள். மிஷின் ஓடியது. நான் முக்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் பால். ஏழாவது நிமிடம் விளிம்பில் நுரை. பத்தாவது நிமிடம் மிஷினின் சத்தமே மாறிவிட்டது, கனத்துப்போன சத்தம். சந்திரகனி மிஷினை நிறுத்தினாள்.

ஏறியிருக்கிறதா என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். சரியாக ஏறியிருந்தால் விழாது. வழக்கமாக மேஜைக்கு மேல் கவிழ்ப்பார்களாம்.

அவள் சட்டியைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள். முப்பது முட்டையின் வெள்ளைக்கரு.

"அண்ணே, அசையாம இரு" என்றாள்.

என் தலைக்கு நேர் மேலே கவிழ்த்தாள்.

"விழுந்தா?" என்றேன்.

"விழுந்தா தொடச்சுக்கிடலாம்."

நான் கண்ணை மூடவில்லை. மூடினேன் என்று புஷ்பலீலா சொல்வது பொய். சட்டிக்குள் வெள்ளையாக, கூராக, அசையாமல் நின்றது. ஒரு சொட்டு விழவில்லை. பெண்கள் சிரித்தார்கள், லிங்கராஜ் போதும் போதும் என்றார். பார்ப்பதற்கு இரண்டு விநாடி போதும். அவள் அதைவிட நிறைய நேரம் பிடித்திருந்தாள். நானும் நகரவில்லை.